பங்கஜம் பதில் சொல்வதில்லை

நவம்பர் 6

மூன்று மாதத்துக்குப் போதும் என்று மெலிந்த நோட்டாகப் பார்த்து வாங்கியிருக்கிறேன். பிப்ரவரியில் அப்பா வந்து சர்டிபிகேட்டுகளைத் திரும்ப வாங்கி, என்னை நாமக்கல் கோச்சிங்கில் கொண்டுபோய்ச் சேர்ப்பார். மே மாதம் மறுபடி நீட். அதுவரை வருஷம் வீணாகக் கூடாதே என்றுதான் இந்த பி.எஸ்சி நர்சிங். பஸ் வரும்வரை பக்கத்துக் கடை பெஞ்சில் உட்கார்வதில்லையா, அந்த மாதிரி.

ஊரில் யாருக்கும் தெரியாது. "கௌசிகாவுக்கு மெடிக்கல்ல எடம் கெடச்சிருச்சுங்க" என்று அப்பா மஞ்சள் மண்டி முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார். முழுப் பொய்யும் இல்லை. எங்கள் கல்லூரி போர்டில் மெடிக்கல் என்ற சொல் இருக்கத்தான் செய்கிறது.

ரூமில் என்னோடு ஜெஸ்லின். மார்த்தாண்டத்துக்காரி. அவள் அக்கா ஜெர்மனியில் நர்ஸ். இவளும் போகப்போகிறாளாம். நான் பிப்ரவரியில் கிளம்பிவிடுவேன் என்று சொன்னதும், "அதுவரைக்கும் ஒன் அலமாரில பாதிய எனக்குத் தாட்டீ" என்றாள். வெட்கம் கெட்டவள். கொடுத்துவிட்டேன்.

நவம்பர் 10

இன்று முழுக்கப் படுக்கை விரிப்பது. விரிப்பின் மூலையைக் கடித உறை மாதிரி மடித்து மெத்தைக்கடியில் செருக வேண்டும். பன்னிரண்டாவதில் உயிரியலில் பள்ளிக்கே முதல் மதிப்பெண் வாங்கியவள் நான். எனக்கு மூலை வரவில்லை.

நவம்பர் 17

லேபில் ஒரு பொம்மை இருக்கிறது. ஆளுயரம், ரப்பர் தோல், வலது கை தோளோடு கழன்று வரும். கண்ணை மூடத் தெரியாது. எந்தக் காலத்து சீனியர்களோ பங்கஜம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கட்டிலில் அட்டைகூடத் தொங்குகிறது.

அவளுக்கு உடம்பு துடைத்துவிட வேண்டும். அது போகட்டும். துடைக்கும்போது அவளிடம் பேச வேண்டுமாம். யார், என்ன செய்யப்போகிறோம், ஏன் செய்கிறோம், தண்ணீர் சூடு சரியா, எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். சொல்லாவிட்டால் மார்க் கிடையாது. வசந்தகுமாரி மேடம் அதில் கறார். ஒரு பையன் பேசாமல் பங்கஜத்தின் முகத்தைத் துடைக்கப் போனான். மேடம் அதே ஈரத்துணியைப் பிடுங்கி அவன் முகத்தில் ஒரு இழுப்பு இழுத்தார்.

"எப்பிடி இருக்குது?"

"திடுக்குன்னு இருக்குதுங் மேடம்."

"அவளுக்கும் அப்பிடித்தான் இருக்கும். முதல்ல வாயைத் தெற."

என் முறை வந்தது. வகுப்பே சிரித்துக்கொண்டிருந்தது. நான் கடகடவென்று ஒப்பித்தேன். "பங்கஜம்மா, வணக்கம். நான் ஸ்டூடண்ட் நர்ஸ் கௌசிகா. உங்களுக்கு இப்ப உடம்பு தொடச்சுவிடப் போறேன். பயப்படாதீங்க. தண்ணி சூடு சரியா இருக்குதுங்களா?"

பத்துக்கு எட்டு. நாடகத்துக்கு மார்க் போடுகிறார்கள். கர்மம்.

நவம்பர் 18

கனவு. எங்கள் ஊர் வாய்க்காலில் தண்ணீர் நின்றுபோயிருக்கிறது. மணலில் வெள்ளை விரிப்பு விரித்து பங்கஜம் படுத்திருக்கிறாள். நாலு மூலையும் சரியாக மடித்திருக்கிறது. மேலே கொக்குகள் சத்தமில்லாமல் போகின்றன. தண்ணீர் திறந்துவிடப் போகிறார்கள், எழுந்திருங்கள் என்று நான் கத்துகிறேன். அவள் என்னையே பார்க்கிறாள். முழித்தபோது ஜன்னலுக்கு வெளியே மேற்கு மலை மொத்தமும் பனிக்குள் போயிருந்தது. எது கனவு என்று கொஞ்ச நேரம் பிடிபடவில்லை.

மூலையை யார் மடித்தது என்று மட்டும் யோசித்துக்கொண்டே பல் தேய்த்தேன்.

நவம்பர் 28

நான்காம் வருட ஆதிரை அக்கா கடைசி வருட ஆய்வுக்காக எங்களுக்கெல்லாம் ஒரு தாள் கொடுத்தார். நர்சிங்கைத் தொழிலாகத் தேர்ந்தெடுப்பது பற்றி மாணவர்களின் மனப்பான்மை. 'நர்சிங் மதிப்பான தொழில்', 'என் சொந்த விருப்பத்தில் சேர்ந்தேன்', 'என் தங்கையை நர்சிங் சேரச் சொல்வேன்' என்று வரிசையாக வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் முழுதும் ஒத்துக்கொள்கிறேன் முதல் சுத்தமாக இல்லை வரை ஐந்து கட்டங்கள். கடைசியில், ஏன் சேர்ந்தீர்கள் என்று எழுத ஒரு கோடு.

ஜெஸ்லின் எல்லாவற்றுக்கும் முதல் கட்டத்தில் அழுத்தி டிக் அடித்தாள். பின்பெஞ்சில், வீட்டில் சேர்த்துவிட்டார்கள், மார்க் பத்தவில்லை, வெளிநாடு போகலாம் என்று ஆளுக்கொன்று எழுதினார்கள். நான் எல்லாவற்றுக்கும் நடுக்கட்டம். கருத்து இல்லை.

சாயங்காலம் ஆதிரை அக்கா மெஸ்ஸிலேயே வந்து பிடித்துவிட்டார். "ஏம்மா, வெயில் அடிக்குதான்னு கேட்டாக்கூட உனக்குக் கருத்து இருக்காதா? நான் என்னத்த எழுதித் தொலைக்கிறது?"

"நான் பிப்ரவரில போயிருவேங்க்கா. என்னைக் கணக்குல சேக்க வேண்டாம்."

"போறவளுக்குத்தான் கருத்து நெறைய இருக்கும்" என்று சொல்லிவிட்டு என் தட்டிலிருந்து ஒரு அப்பளத்தை எடுத்துக்கொண்டு போனார்.

டிசம்பர் 14

சித்தி வீட்டுக் கல்யாணம். மண்டபத்தில் அப்பா என்னை யார் யாரிடமோ கூட்டிப்போனார். "மெடிக்கல் பண்ணுது." ஒருவர் காதில் ஏதோ விழுந்திருக்கும்போல. "நர்சிங்குன்னு யாரோ சொன்னாங்களே சென்னியப்பா?" என்றார். அப்பா சிரித்தார். நான் இதுவரை பார்க்காத சிரிப்பு. "சேச்சே, அதெல்லாம் இல்லீங்க. பீ மூத்தரம் அள்றதுக்கா புள்ளையப் படிக்க வெச்சோம்?"

நான் பந்திக்குப் போய்விட்டேன். கோபமெல்லாம் இல்லை. நானும் அதைத்தானே நினைக்கிறேன். பாயசம் நன்றாக இருந்தது. இரண்டு கப் குடித்தேன். இலையில் மற்றது இறங்கவில்லை.

வீடியோ காலில் பேசும்போதும் யூனிபார்மை மாற்றிவிட்டுத்தான் அப்பாவுக்கு எடுப்பேன். அவர்தான் சொன்னார், "மண்டியில பக்கத்துல ஆளிருப்பாங்க கண்ணு" என்று.

டிசம்பர் 15

காலையில் ஊரில் அம்மா எல்லாக் கட்டிலையும் பார்த்துவிட்டு, "அம்முணி, விரிப்ப யாரு இப்பிடி நறுவிசா மடிச்சு வெச்சது?" என்றாள். எனக்கே தெரியாது. கை பாட்டுக்குச் செய்திருக்கிறது. அப்பா, "அதெல்லாம் எதுக்குக் கண்ணு நீ பண்ணிக்கிட்டு" என்று சொல்லித் தன் கட்டில் விரிப்பு மூலையை வெளியே இழுத்துவிட்டார்.

டிசம்பர் 22

லேப் சாவி வாங்கி தனியாகப் போனேன். பயிற்சிக்குத்தான். பங்கஜத்தின் கையைக் கழற்றிக் கழுவி மாட்டினேன். தலை வாரிவிட்டேன், அது மேடம் மார்க் போடும் செக்கிங்கில் வரும். மண்டபத்துக் கதையையும் சொன்னேன். பேசிக்கொண்டே செய்ய வேண்டும் என்பதுதானே விதி. வெயில் ஜன்னல் வழியாக வந்து மெத்தையில் படுத்திருந்தது. எங்கோ தண்ணீர்த் தொட்டி நிறைந்து வழிகிற சத்தம். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து அவள் கையில் தலைவைத்துத் தூங்கிப்போயிருக்கிறேன். ஜெஸ்லின் வந்து எழுப்பினாள்.

"எட்டி, நோயாளி முழிச்சுக் கெடக்கா, நர்சு ஒறங்குது."

கன்னத்தில் ரப்பர் விரல்களின் தடம் சாயங்காலம்வரை இருந்தது.

ஜனவரி 8

முதல் தடவையாக வார்டு. பெண்கள் மருத்துவப் பிரிவு. பங்கஜங்கள் எல்லாம் கண்ணைச் சிமிட்டுகிறார்கள், இருமுகிறார்கள், "தண்ணி குடு சாமி" என்கிறார்கள்.

வாய் வரவில்லை. உண்மையாகவே வரவில்லை. 'நான் ஸ்டூடண்ட்' வரை தொண்டைக்கு வருகிறது. அடுத்த சொல்லுக்கு வழி அடைத்துக்கொள்கிறது. எந்தக் கட்டிலில் எந்த ஊர்க்காரர் இருப்பார், யார் மண்டிக்கு வருகிறவர், யாருக்குத் தெரியும்? மாஸ்க்கை மூக்குவரை ஏற்றிக்கொண்டு எல்லாவற்றையும் சைகையிலேயே செய்தேன். மேடம் என் தாளில் 'கை சுத்தம், வாய் பூட்டு' என்று எழுதியிருக்கிறார்.

இன்னும் ஒரு மாதம்தானே.

ஜனவரி 13

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் போய்விட்டார்கள். பஸ்ஸில் கூட்டம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு நான் போகவில்லை. கூட்டம் இல்லை என்று ஜெஸ்லின் சொல்கிறாள். அவளுக்கென்ன தெரியும்.

எனக்கு ஒதுக்கியிருக்கும் நோயாளி மாராத்தாள். சிறுநீரகம் கெட்டு, மெல்லத் தூக்கத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறார். கூப்பிட்டால் கண் திறக்கும், மூடிக்கொள்ளும். தினமும் வாயைச் சுத்தம் செய்து, முதுகைத் துடைத்து, புண் வராமல் பக்கம் திருப்பிவிட வேண்டும். கூடவே இருப்பவர் அவர் வீட்டுக்காரர் ரங்கசாமி. லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். மனைவியின் கால்மாட்டில் உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாகப் படிப்பார், ராசிபலன் உட்பட.

"மாரா, உனக்கு இன்னைக்கு எதிர்பாராத விருந்தினர் வருகைன்னு போட்டுருக்கறான். அந்த நர்சு அம்முணிதான் வருது."

ஜனவரி 20

மாராத்தாள் இன்று என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டார். வேண்டுமென்றா, தூக்கத்திலா, தெரியவில்லை. ஹாஸ்டல் பஸ்ஸைத் தவறவிட்டேன்.

ஜனவரி 27

ரங்கசாமி ஐயா ஜெஸ்லினைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏனுங், அந்த ஒல்லிப் புள்ளைக்குப் பேச வராதுங்களா? பாவம், கை மட்டும் பூவாட்டம் வேல செய்யுது" என்று கேட்டிருக்கிறார்.

ஜெஸ்லின் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஊமைன்னு சொல்லிட்டேன் கேட்டியா. பொறவு என்ன சொல்ல?"

நான் சிரிக்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கும் போகவில்லை. நான் ஊமை இல்லை என்று ஒரு வார்த்தை போய்ச் சொன்னால் முடிந்துவிடும். அதற்கும் பேச வேண்டுமே.

அப்பா போனில், "ஒம்பதாந் தேதி திங்கக்கெழம வர்றன். பிரின்சிபாலுக்கு லெட்டரு கையோட எழுதிட்டு வந்தர்றன். பெட்டியக் கட்டி வெச்சுக்க" என்றார். சரிங்கப்பா என்றேன்.

பிப்ரவரி 3

இதை எழுதப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுத வேண்டும்.

மத்தியானம் சாப்பாடு முடிந்து வார்டுக்குப் போனபோது மாராத்தாளைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. ரங்கசாமி ஐயாவிடம் டாக்டர் சொல்லியாகிவிட்டது. அவர் அழுது முடித்து, வண்டி பேச வெளியே போயிருந்தார். டியூட்டி சிஸ்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். கண்ணை மூடி, தாடையைக் கட்டி, உடம்பைத் துடைத்து, வேறு சேலை உடுத்திக் கொடுக்க வேண்டும். பாதியில் வேறு கட்டிலில் யாருக்கோ மூச்சுத் திணறல். "நீ தொடச்சுட்டிரு, வந்தர்றேன்" என்று சிஸ்டர் ஓடினார்.

திரைக்குள் நானும் அவரும் மட்டும். பச்சைத் துணி வழியாக வெயில் வந்து எல்லாம் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல இருந்தது. மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும். அவர் ஒரு கண் முழுசாக மூடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை.

துணியை நனைத்துப் பிழிந்தேன். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"மாராத்தாம்மா, வணக்கம். நான் ஸ்டூடண்ட் நர்ஸ் கௌசிகா. உங்களுக்கு இப்ப உடம்பு தொடச்சுவிடப் போறேன். பயப்படாதீங்க. மொதல்ல மொகம். கண்ண மூடிக்கோங்க, அவ்வளவுதான். தண்ணி சூடு சரியா இருக்குதுங்களா?"

நிறுத்த முடியவில்லை. கழுத்து, தோள், கை. இத்தனை நாள் சொல்லாததெல்லாம் வந்தது. உங்க ராசிக்கு என்ன போட்டிருந்துச்சுன்னு கேட்டீங்களா, இந்தப் பக்கம் சித்த திரும்பிக்கலாம், வலிக்குதுங்களா, இதோ முடிஞ்சிருச்சு. எதுவும் தப்பாகத் தோன்றவில்லை. பதில் சொல்லாதவர்களிடம்தானே நான் பேசப் பழகியிருக்கிறேன்.

திரை சரேலென்று விலகியது. ரங்கசாமி ஐயா. கையில் வண்டிக்காரன் கொடுத்த சீட்டு. அவர் முகத்தில் இருந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். சந்தோஷம். அப்பட்டமான சந்தோஷம்.

"முழிச்சுட்டாளா? வலிக்குதான்னு கேட்டீங்களே! பேசுறாளா? மாரா!"

என் குரலை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. யாரோ டாக்டர் வந்து அவளோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துவிட்டார். நான் பேசப் பழகியிருந்தால், முதல் நாளே என் பெயரைச் சொல்லியிருந்தால், இந்தச் சந்தோஷம் அவருக்கு வந்திருக்காது. வந்து உடனே சாகவும் வேண்டியிருக்காது.

சிஸ்டர் இல்லை. மேடம் இல்லை. நான்தான் சொல்ல வேண்டும்.

"இல்லீங்கய்யா." துணியைக் கிண்ணத்தில் போட்டேன். "நான்தானுங்க பேசுனேன். அம்மா... அம்மா போயிட்டாங்க. நான் சும்மா... தொடைக்கும்போது சொல்லிட்டே தொடைக்கோணும்னு சொல்லிக் குடுத்துருக்கறாங்க. நான் ஸ்டூடண்ட் நர்ஸுங்க. பேரு கௌசிகா. என்னை மன்னிச்சுருங்கய்யா."

அவர் என்னைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். அடிக்கட்டும், திட்டட்டும் என்று நின்றேன். "நீ ஊமைன்னுல்ல சொன்னாங்க" என்றார்.

"இல்லீங்கய்யா."

"செரி." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பேசும்மா. நிறுத்தாத. பேசிட்டே செய்யி. அவளுக்குப் பேசாத ஆளுகளக் கண்டா ஆகாது."

முதுகைத் துடைத்தேன். சொல்லிக்கொண்டே துடைத்தேன். நடுவில் அவர், "தண்ணி இன்னுங் கொஞ்சம் வெதுவெதுப்பா இருக்கட்டும், கண்ணு. அவளுக்குச் சில்லுன்னு பட்டா ஆகாது" என்றார். போய் மாற்றிக்கொண்டு வந்தேன். "மாராத்தாம்மா, தண்ணி மாத்திட்டேன். இப்பச் சரியா இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"இருக்குது" என்றார் ரங்கசாமி ஐயா.

பிப்ரவரி 4

நாளெல்லாம் அழுதேன். ஜெஸ்லின் என்னைக் குளிக்கவைத்து, தலை துவட்டி, கஞ்சி கொடுத்தாள். ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிச் செய்தாள். "இப்ப கஞ்சி தரப்போறேன். சூடு பாத்துட்டேன். வாயத் தொற." கிண்டலா என்று பார்த்தேன். கிண்டல் இல்லை.

பிப்ரவரி 5

லேபில் செக்கிங். பங்கஜத்தின் முன்னால் நின்று வாயே திறக்க முடியவில்லை. மேடம் காத்திருந்தார். பிறகு பேனாவை மூடிவிட்டு, "நீ வார்டுக்குப் போ. இவ எங்கயும் போக மாட்டா" என்றார்.

பிப்ரவரி 6

மாராத்தாள் கட்டிலில் இன்று வேறொரு அம்மா. பவானிப் பக்கம். சர்க்கரை ஏறி, கால் விரலில் புண். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வணக்கம்மா. நான் ஸ்டூடண்ட் நர்ஸ் கௌசிகா."

"அதுக்கென்ன இப்ப?" என்றார் அந்த அம்மா. "இந்தப் பேனச் சித்த கொறச்சுவிடு. குளுருது."

குறைத்தேன். எனக்கு ஏனோ சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பல் இரண்டுதான் இருக்கிறது.

பிப்ரவரி 8

கனவில் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. கலங்கலாக, வெதுவெதுப்பாக. விரிப்பு மட்டும் மிதந்து போனது. பங்கஜம் கரையில் உட்கார்ந்து கால் நனைத்துக்கொண்டிருந்தாள்.

பெட்டி இன்னும் கட்டவில்லை. துணி காயவில்லை.

பிப்ரவரி 9

அப்பா பதினொரு மணிக்கே வந்துவிட்டார். கல்லூரி வாசல் புங்கமரத்தடி பெஞ்சில், வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில், லெட்டரைக் கையில் விறைப்பாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வார்டிலிருந்து அப்படியே ஓடி வந்தேன். யூனிபார்ம், தோளில் பி.பி. பார்க்கிற பை. அவர் என்னை இந்த உடையில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. தலையிலிருந்து ஷூவரை பார்த்தார். பிறகு யாராவது தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று நாலாபக்கமும் பார்த்தார்.

"துணி மாத்தலையா கண்ணு? பெட்டி எங்க?"

என்னென்னவோ சொல்ல வேண்டுமென்று இரண்டு நாளாகக் கோத்து வைத்திருந்தேன். மண்டபத்தில் நீங்கள் சொன்னது எனக்குக் கேட்டது, மாராத்தாள் என்று ஒருவர் இருந்தார், நான் நாமக்கல்லுக்கு வரவில்லை. ஒன்றும் வரவில்லை. அப்பா இளைத்திருந்தார். கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. இதெல்லாம் எப்போதிலிருந்து? பக்கத்தில் உட்கார்ந்து பையைத் திறந்தேன்.

"வணக்கங்கப்பா. நான் ஸ்டூடண்ட் நர்ஸ் கௌசிகா."

அப்பா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார்.

"இப்ப உங்களுக்கு ரத்தக்கொதிப்பு பாக்கப்போறேன். பயப்படாதீங்க. கையச் சுத்திப் பட்டை கட்டுவேன், கொஞ்சம் இறுக்கும், அப்புறம் விட்டுரும். வலிக்காது."

அழுதுகொண்டேதான் சொன்னேன். ஆனால் ஒன்றையும் விடாமல் சொன்னேன். வாசல் வழியாக ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா நின்று, "இங்கயே பி.பி. பாப்பாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அப்பா தரையைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். புங்க இலை ஒன்று அவர் சட்டையில் விழுந்தது, அதைத் தட்டிவிட்டார். அவர் எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

சட்டைக் கையை மடிக்க இடைஞ்சலாக இருக்கிறதென்று லெட்டரை என்னிடம் கொடுத்தார்.

"எந்தக் கைய நீட்டோணும் கண்ணு?"